ஒன்றும் தராத விசை

எட்டு எலிகளும் ஒன்றும் தராத விசையை அழுத்திக்கொண்டிருந்தன.

சுபத்திரா திரையை மறுபடி பார்த்தாள். ஒரு எலி, ஒரு மணி நேரம், நானூற்றுப் பன்னிரண்டு அழுத்தல். அடுத்த எலி, நானூற்று ஐம்பது.

பெட்டி எளிமையானது. ஒரு முழ நீளம். வெளிச்சமும் சத்தமும் புகாது. உள்ளே இரண்டு விசைகள். இடது விசையை அழுத்தினால் மெல்லிய குழாய் வழியாக எலியின் ரத்தத்தில் ஒரு துளி மெத், அதாவது மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருள், இறங்கும். வலது விசையை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும் என்பதற்காக அது அங்கே இருந்தது.

மெத்துக்குப் பழகிய எலி இடது விசையை அழுத்தும். சோறு தண்ணீர் மறந்து அழுத்தும். இது எல்லாருக்கும் தெரியும். கஞ்சாச் செடியிலிருந்து பிரித்த சேர்மத்தை மட்டும் கொடுத்தால் எலி மூலையில் படுத்துக்கொள்ளும். இதுவும் தெரியும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் இந்த எட்டு.

இயக்குநர் குலசேகரன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"பெட்டி பழுதா?"

"புதுப் பெட்டி சார். இந்த எட்டுக்கும்னு போன மாசம்தான் வந்தது."

"எலி பழுதா?"

"எட்டுமா சார் பழுதாகும்?"

குலசேகரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார்.

"மெத் வேகத்தைக் கொடுக்குது. கஞ்சா ஆசையை எடுத்துடுது. அப்போ என்ன மிச்சம்?"

"வேகம்."

"ஆசையில்லாத வேகம். எலி சும்மா உழைக்குது, சுபத்திரா."

"எதுக்காக சார்?"

"சும்மான்னு சொன்னேனே."

அவர் எழுந்து அறைக்குள் இரண்டு முறை நடந்தார். இடது விசையின் எண்ணிக்கையைக் காட்டச் சொன்னார். மூன்று. இரண்டு. பூஜ்யம். நான்கு.

"மெத்தை விட்டுட்டுதுங்க" என்றார் மெதுவாக. "பக்கத்துலயே இருக்கு. தொடக்கூட இல்லை."

சுபத்திரா தன் தம்பியை நினைத்தாள்.

பரணிக்கு முப்பத்தொரு வயது. ஆறு வருடமாக மெத். அது அவனைத் திருடனாக்கவில்லை. அடிதடிக்காரனாக்கவில்லை. பொருள்களைக் கழற்ற வைத்தது. மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, கேஸ் அடுப்பு. துண்டுகளை அளவு வாரியாகக் கூடத்தில் அடுக்குவான். திரும்பப் பூட்ட மாட்டான். சுபத்திராவின் ஸ்கூட்டரை மூன்று முறை கழற்றினான். மூன்றாவது முறை மெக்கானிக் வர மறுத்துவிட்டார். "முதல்ல ஆளைச் சரி பண்ணுங்கம்மா. வண்டியை அப்புறம் பாத்துக்கலாம்."

போன சித்திரையில் அவன் இதயம் நாற்பது விநாடி நின்றது. இன்னொரு முறை நின்றால் நின்றதுதான் என்று மருத்துவர் சொன்னார். வீட்டில் இருந்தது அக்காவும் தம்பியும் மட்டும்.

அந்த வருடம் விதிகள் மாறியிருந்தன. மனிதர்களுக்கான சோதனைக்கு ஆறு வாரத்தில் அனுமதி கிடைத்தது. பாதி பச்சை, பாதி வெள்ளை என்று ஒரு மாத்திரை வந்தது. பச்சையில் கஞ்சாச் சேர்மம். வெள்ளையில் மிகக் குறைந்த அளவு மெத். அதற்குச் சமனி என்று பெயர் வைத்தார்கள். ஆய்வகத்தின் இரண்டாவது மாடியில் பன்னிரண்டு மேசைகள் போட்டார்கள். ஒவ்வொரு மேசையிலும் இரண்டு பொத்தான்கள். இடது பொத்தானை அழுத்தினால் ஒரு செவிலியர் சிறிய குப்பியில் மெத் கொண்டுவருவார். வலது பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது.

"என் தம்பியைச் சேர்க்கணும் சார்" என்றாள் சுபத்திரா.

"சொந்தக்காரங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

"தெரியும் சார்."

"ரெண்டு பேருக்கும் என்ன இனிஷியல்?"

"கே."

"நாட்டுல எவ்வளவோ கே இருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார் குலசேகரன்.

முதல் நாள் பரணி இடது பொத்தானை ஒன்பது முறை அழுத்தினான். மூன்றாம் நாள் ஒரு முறை. ஐந்தாம் நாளிலிருந்து வலது பொத்தான் மட்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. நாலாயிரத்து நூறு. நாலாயிரத்து முந்நூறு. மற்ற பதினொரு பேரும் அப்படித்தான்.

வேலைமுறை ஏட்டில் ஒரு விதி இருந்தது. இயந்திரம் எண்ணினாலும், பொறுப்பாளர் ஒவ்வொரு எண்ணையும் உரக்கப் படித்துச் சரிபார்க்க வேண்டும். எலிகளுக்காக எழுதிய விதி. யாரும் மாற்றவில்லை. ஆகவே தினமும் ஆறு மணிக்கு சுபத்திரா மேசை மேசையாகப் போனாள். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று அவர் எண்ணைப் படித்தாள்.

"முனிரத்தினம், மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது."

முனிரத்தினம் லாரி ஓட்டியவர். நாக்பூருக்குத் தூங்காமல் போய்வர மெத் எடுக்க ஆரம்பித்தவர். அவர் எழுந்து நின்று கேட்டுக்கொள்வார்.

"நேத்தைக்கு விட?"

"இருபது கூட, அண்ணே."

"ஆங்" என்பார். உட்காருவார்.

மூன்றாவது வாரம் பரணி நாற்காலிக்கு ஒரு திண்டு கேட்டான். கொடுத்தார்கள். எல்லாரும் கேட்டார்கள். நான்காவது வாரம் மேசைகளில் பெயர்ப்பலகை வந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை. ஐந்தாவது வாரம் தேநீர் இடைவேளை பத்து நிமிடமா பன்னிரண்டு நிமிடமா என்று தகராறு வந்தது. ஆறாவது வாரம் பரணிக்கு மூத்த அழுத்துநர் பட்டம் கிடைத்தது. அதைக் கொடுத்தவர்களும் அவர்களே. எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு முனிரத்தினம் விரல் சொல்லிக்கொடுத்தார்.

"கட்டைவிரல் வேணாம் தம்பி. இது ஹாரன் இல்ல. ஆள்காட்டி விரல். அழுத்து, விடு. அழுத்திட்டு யோசிக்காதே."

ஒரு நிறுவனத்தின் மனிதவளத் துறையிலிருந்து ரகோத்தமன் என்பவர் பார்க்க வந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அரை மணி நேரம் நின்றார்.

"இவங்களுக்கு என்ன கொடுக்கறீங்க?" என்று குலசேகரனைக் கேட்டார்.

"மாத்திரை."

"அது சரி. அழுத்தறதுக்கு என்ன கொடுக்கறீங்க?"

"ஒண்ணும் கொடுக்கறதில்லை."

"அழுத்தினா என்ன உற்பத்தி ஆகுது?"

"ஒண்ணும் ஆகறதில்லை."

ரகோத்தமன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இருபத்திரெண்டு வருஷம் இந்தத் துறையில இருக்கேன் சார்" என்றார். கண்ணாடிக் கதவுக்கு இன்னும் நெருங்கி நின்றார்.

பரணி வீட்டில் எதையும் கழற்றவில்லை. இரவு சாப்பிட்டான். தூங்கினான். தொண்ணூறு நாள். சுபத்திரா புது மிக்ஸி வாங்கினாள்.

தொண்ணூற்றோராம் நாள் அவள் அறிக்கைக்காக எலிகளின் எண்களைக் கிழமை வாரியாக வரைந்து பார்த்தாள். வரைபடத்தில் மலைகள் இருந்தன. ஏழு நாளுக்கு ஒரு மலை. வெள்ளிக்கிழமை உச்சி. சனி, ஞாயிறு சரிவு. வியாழக்கிழமை தரை.

மனிதர்களின் வரைபடத்தை எடுத்தாள். மேசை போல் சமமாக இருந்தது.

விலங்குக் கூடம் கீழ்த்தளத்தில். அதன் பொறுப்பாளர் தேவசகாயம். ஐம்பத்து மூன்று வயது. மார்த்தாண்டத்துக்காரர். எலிகளைப் பெட்டிக்குள் விடுவதும் எடுப்பதும் கழுவுவதும் அவர்தான்.

"வெள்ளிக்கிழமை என்ன பண்றீங்க?" என்று கேட்டாள்.

"எல்லா நாளும் பண்றதுதான் மேடம். கழுவுவேன். துடைப்பேன். பொட்டு வைப்பேன்."

"என்ன பொட்டு?"

"சந்தனப் பொட்டு. வெள்ளிக்கிழமை பொட்டு."

"பெட்டிக்கா?"

"புதுப் பெட்டி எட்டுக்கும். பழசுக்கு முன்னால இருந்தவரே வச்சாச்சு. புதுக் கருவி வந்தா முதல் வருஷம் முழுக்க வெள்ளிதோறும் பொட்டுன்னு ஏட்டுல எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு. இருங்க, காட்டுறேன்."

காட்டினார். வேலைமுறை ஏட்டின் கடைசிப் பக்கத்தில், பேனாவால் எழுதி, அடிக்கோடு போட்டிருந்தது. கீழே தேவசகாயம் வாரந்தோறும் கையெழுத்திட்டிருந்தார். ஆய்வகத்தில் அந்த ஏட்டை முழுதாகப் படித்த ஒரே மனிதர் அவர்.

"நீங்க சர்ச்சுக்குப் போறவராச்சே."

"அது ஞாயித்துக்கிழமை மேடம்."

"பொட்டை எங்கே வைப்பீங்க? பெட்டிக்கு வெளியிலேயா?"

"வெளியில வச்சா துடைக்கும்போது போயிரும். உள்ளே, லீவர்ல."

சுபத்திரா ஏட்டை மூடினாள்.

"எந்த லீவர்?"

"வலது லீவர்."

"ஏன் வலது?"

தேவசகாயம் அவளைக் கொஞ்சம் வருத்தத்தோடு பார்த்தார். "இடது லீவர் போதை தர்றது மேடம். போதைக்குப் போய்ப் பொட்டு வைக்கலாமா? உங்க சாமியும் பொறுக்காது, எங்க சாமியும் பொறுக்காது."

"சந்தனத்தை எலி நக்காதே."

"சந்தனம் எஃகுல எங்கே ஒட்டுது? காய்ஞ்சா உதிர்ந்துரும். கொஞ்சம் வெல்லப்பாகு கலப்பேன். அப்படியே பிடிச்சுக்கும்." கொஞ்சம் பெருமையாகச் சொன்னார். "வியாழக்கிழமை வரைக்கும் நிக்கும்."

அவள் கணக்குப் போட்டாள். விசை ஐந்து கிராம் எடைக்கே இறங்கும். எலியின் நாக்குக்கு இறங்கும். ஒரு நக்கு, ஒரு அழுத்தல். நானூற்றுப் பன்னிரண்டு.

"கஞ்சா உள்ளே போனா இனிப்பு கேக்கும் மேடம்" என்றார் தேவசகாயம். "எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

இத்தனை மாதத்தில் அவள் ஒரு முறைகூட ஓடுகிற பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் எலி கலையும் என்று அவளே விதி எழுதியிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வெல்லம் கலக்க வேண்டாம் என்றாள். தேவசகாயம் வெறும் சந்தனம் வைத்தார். எலிகள் வலது விசைக்குப் போயின. மோந்தன. கொஞ்ச நேரம் காத்திருந்தன. மத்தியானத்துக்குள் எட்டும் இடது விசைக்குத் திரும்பிவிட்டன. மாலையில் ஒரு எலி இருநூறு முறை அழுத்தியிருந்தது. மெத்துக்காக.

சமனி ஒன்றையும் தடுக்கவில்லை. அவள் தன் தம்பிக்கு மூன்று மாதமாக மெத் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் மாடி ஏறினாள். பரணியைக் கைப்பிடித்து வராந்தாவுக்கு இழுத்துவந்தாள்.

"மணி நாலரை, அக்கா. எனக்கு இன்னும் தொள்ளாயிரம் பாக்கி."

"மாத்திரையை நிறுத்து. இன்னையோட நிறுத்து. அது மருந்தே இல்லை. எலியெல்லாம் வெல்லத்துக்காக அழுத்தியிருக்கு."

"எந்த வெல்லம்?"

சொன்னாள். பொட்டு, பாகு, வெள்ளிக்கிழமை எல்லாம் சொன்னாள். பரணி முழுதும் கேட்டான். பிறகு சிரித்தான். ஆறு வருடத்தில் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"மாத்திரையை நான் எங்கே சாப்பிட்டேன்?"

"என்னடா சொல்றே?"

"முதல் வாரம் சாப்பிட்டேன். மத்தியானமானா கண்ணு சொக்குது. எண்ணிக்கை விழுந்துடுது. கன்னத்துல ஒதுக்கி வெச்சிருந்து பாத்ரூம்ல துப்பிடுவேன்."

"செவிலியர் வாயைத் திறந்து பாப்பாங்களே?"

"முனிரத்தினம் அண்ணன் சொல்லிக்கொடுத்தாரு. நாக்பூர் ரோட்டுல செக்போஸ்ட்டுக்குச் செக்போஸ்ட்டு பழக்கமாம்."

"மத்தவங்க?"

"பன்னெண்டு பேரும் துப்பறோம். மாத்திரை சாப்பிட்டுட்டு நாலாயிரம் தாண்ட முடியுமா?"

சுபத்திரா படிக்கட்டில் உட்கார்ந்தாள். உள்ளே பதினொரு பொத்தான்களின் சத்தம் கேட்டது. தகரக் கூரையில் தூறல் விழுவது போல.

"அப்புறம் எதுக்குடா அழுத்தறே? மருந்தும் இல்லை. வெல்லமும் இல்லை."

பரணி கதவுப் பக்கம் பார்த்தான். வேலைக்குத் திரும்ப வேண்டிய அவசரம் முகத்தில் இருந்தது.

"ஆறு மணிக்கு நீ வந்து சொல்றியே" என்றான். "நாலாயிரத்து நூத்தி முப்பது, பரணின்னு."

"அதுக்காகவா?"

"ஸ்கூட்டர்ல எத்தனை துண்டு இருந்ததுன்னு தெரியுமா உனக்கு? அளவு பார்த்து அடுக்கி வெச்சிருந்தேன். ஒரு தடவை கேட்டியா? வந்ததும் அழுதே."

அவன் உள்ளே போனான். அன்று மாலை நாலாயிரத்து இருபது. இடையில் பேசியதால் குறைந்தது. அவள் படித்தபோது அவன் எழுந்து நின்று கேட்டுக்கொண்டான்.

மறுநாள் குலசேகரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இனிஷியல் முதல் வெல்லம் வரை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். நெடுநேரம் மாட்டவில்லை.

"அப்போ எலிக்கு வெல்லம் வேணும்."

"ஆமா சார்."

"மனுஷனுக்கு அதுகூட வேண்டியதில்லை."

"அப்படியில்லை சார். ஒருத்தர் முன்னால நின்னு படிக்கணும்."

அவர் அந்த வாக்கியத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை. ரகோத்தமனுக்கு அழைத்துக்கொண்டிருந்தார்.

சமனியைக் கைவிட்டார்கள். கூடத்தைக் கைவிடவில்லை. மருந்தே தேவையில்லை என்று தெரிந்ததும் ரகோத்தமனின் நிறுவனம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. வல்லத்தில் ஒரு கிடங்கில் அறுநூறு மேசைகள் போட்டார்கள். முனிரத்தினம் பயிற்சித் தலைவரானார். பரணிக்கு அடையாள அட்டையும் சாம்பல் நிறச் சட்டையும் கிடைத்தன. எண்களைப் பெரிய திரையில் இயந்திரம் காட்டியது. அறுநூறு எண்கள், விநாடிக்கு ஒரு முறை மாறின. வெளியாட்கள் எண்களைப் பார்க்க அனுமதியில்லை. சுபத்திரா வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"இன்னைக்கு எவ்வளவுடா?" என்று முதல் நாள் கேட்டாள்.

"சொல்லக் கூடாதாம். கையெழுத்து வாங்கியிருக்காங்க."

ஒன்பதாம் நாள் அவள் வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு. கதவு திறந்திருந்தது. கூடத்தில் பரணி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். சாம்பல் நிறச் சட்டை மூலையில் கிடந்தது. அவன் முன்னால் புது மிக்ஸி, துண்டு துண்டாக. பெரியது இடப்பக்கம், சிறியது வலப்பக்கம். நேர் வரிசை.

அவள் கைப்பை கீழே விழுந்தது. அவன் முகத்தைப் பிடித்துத் தூக்கினாள். கைபேசி விளக்கைக் கண்ணில் அடித்தாள். கருவிழி நடுவில் கண்மணி சட்டென்று சுருங்கியது. மெத் எடுத்தவனுக்கு அப்படிச் சுருங்காது. இன்னொரு கண்ணையும் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். எழுபத்திரண்டு.

"எதுவும் எடுக்கலை" என்றான்.

"வேலை?"

"விட்டுட்டேன்."

"ஏன்?"

"அங்க மெஷின்தான் பாக்குது."

அவள் அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. செருப்பைக் கழற்றினாள். எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். ஜாடி. மூடி. மோட்டார். கத்தி. உரக்க எண்ணினாள். பரணி அசையாமல் கேட்டான்.

"நாப்பத்தொண்ணு" என்றாள்.

"நாப்பத்திரெண்டு."

"நாப்பத்தொண்ணுதான்."

"உன் முழங்காலுக்கு அடியில ஒரு வாஷர்."

இருந்தது. எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தாள்.

"நாப்பத்திரெண்டு, பரணி."

அவன் எழுந்து நின்று கேட்டுக்கொண்டான். உட்கார்ந்தான். பிறகு அவள் இதுவரை பார்க்காத ஒன்றைச் செய்தான். திருப்புளியை எடுத்துப் பூட்ட ஆரம்பித்தான். அவள் ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கொடுத்துக் கீழ்நோக்கி எண்ணினாள். முக்கால் மணி நேரம் ஆனது. அடிமூடியைப் பொருத்தி, நிமிர்த்தி வைத்தான். செருகி அழுத்தினான். மிக்ஸி ஓடியது.

தரையில், அவள் எடுத்துக் கொடுத்தும் அவன் பூட்டாமல் விட்ட ஒரு திருகாணி மிஞ்சியிருந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"ஓடுதே" என்றாள் சுபத்திரா.

"ஓடுது" என்றான் பரணி. இணைப்பைப் பிடுங்கினான். மிக்ஸியைக் கவிழ்த்து மறுபடி கழற்றத் தொடங்கினான்.

சுபத்திரா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒன்று என்றாள்.